தவிலுக்கு ஒரு ப்ரீஆம்ப்

ஏலக்கடையில் அந்த டர்ன்டேபிளை யாரையும் கேட்காமல்தான் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. பிழைக்க வந்த வங்காளத்தில், பெஹாலாவில் எங்களுக்கு ஒற்றை அறை. அரிசி டின் மேல் பலகை போட்டு அதை வைத்தேன். பழைய ரேடியோவின் பின்பக்கம் கிராமபோனுக்கென்று இரண்டு துளைகள் இருந்தன. வயரை அதில் செருகி அப்பாவின் நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டேன். லேக் மார்க்கெட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல்லின் முன் நிற்கும் அப்பா, அன்று இதற்காகவே சீக்கிரம் வந்திருந்தார்.

சத்தத்தை முழுக்கத் திருப்பியும் நாதஸ்வரம் எங்கோ நாலு தெரு தள்ளிக் கேட்டது. தவில் தீப்பெட்டியைத் தட்டுவதுபோல இருந்தது.

"என்னட்டி இது, கொசு கச்சேரி வைக்கா?" என்றார் மாமா. அம்மாவின் அண்ணன் அவர். அடுத்த சந்தில் குடியிருந்தார். எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் அவர்தான்.

"இதுக்கு ப்ரீஆம்ப்னு ஒண்ணு வாங்கணும் மாமா. எனக்குத் தெரியும்."

ஏலக்கடையில் யாரோ சொல்லிக் காதில் விழுந்த சொல் அது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, வீட்டுக்காரரின் நோட்டீஸ் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் நிறுத்தாமல் ஓர் அர்த்தத்தை நானே வைத்துவிடுவேன். தயங்கினால் என்னைப் படிக்கவைத்தது வீண் என்று ஆகிவிடுமே என்ற பயம். கர்வமும் உண்டு, நிறையவே.

அப்போது ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அப்பா பிடிகொடுக்காமல் இருந்தார். மாமா இப்போது டர்ன்டேபிளைக் காட்டிச் சொன்னார்: "பாட்டுப் பெட்டி ஒண்ணு பாத்து வாங்கத் தெரியல. இவ மாப்பிள்ள வேண்டாம்னு சொல்லுதா, நாம கேக்கணுமாம்!"

"ப்ரீஆம்ப் வந்ததும் பாருங்க" என்றேன். சொன்ன பிறகுதான், என் சம்மதத்தையும் அந்தப் பெட்டியோடு கட்டிவிட்டு நானே கதவைச் சாத்திக்கொண்டது புரிந்தது.

சாந்தினி சௌக் சந்துக்குத் தனியாகப் போகக் கூடாது என்று மாமாவும் கூட வந்தார். ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கும் ஒரு சின்னக் கடை. பொரி தின்றுகொண்டிருந்த கடைக்காரர், அக்கா என்று அழைத்து வங்காளத்தில் கேட்டார்: "காட்ரிட்ஜ் எது திதி? மேக்னெட்டிக்கா, கிரிஸ்டலா?"

முள் பொருத்தியிருக்கும் அந்தச் சின்னத் துண்டுக்குக் காட்ரிட்ஜ் என்று பெயர் என்பதே எனக்குத் தெரியாது. ஆனாலும் தயங்காமல், "கிரிஸ்டல்" என்றேன்.

"அப்படின்னா ப்ரீஆம்ப் எதுக்கு? நேரா ரேடியோவுல கொடுங்க" என்று அவர் பொரிக்குத் திரும்பிவிட்டார்.

டிராமில் வழி முழுக்க மாமாவுக்குச் சிரிப்பு. "விக்கிறவனே வேண்டாங்கான்! படிச்ச பிள்ள வாங்கியே தீருவேங்கா!" வீட்டிலும் அதையே நடித்துக் காட்டினார். அப்பா கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பையன் நல்ல பையன்னுதான் சொல்லுதாவ." ஞாயிற்றுக்கிழமை பதில் எழுதிவிடலாம் என்று பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். காட்ரிட்ஜை அதன் பிடியோடு கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

"வாங்க, கிரிஸ்டல் திதி" என்றார் கடைக்காரர்.

கைக்குட்டையைப் பிரித்து வைத்தேன். "இது எதுன்னு தெரியாது. ஜானி நா." வீட்டில் ஒரு நாளும் என் வாயில் வராத அந்தத் 'தெரியாது', வங்காளத்தில் சுலபமாக வந்துவிட்டது.

"மேக்னெட்டிக். இதுலேருந்து வர்ற சத்தம் எறும்பு நடக்குற அளவுதான். அதைப் பெரிசாக்கணும். ரெக்கார்டுல மேளம் மாதிரித் தாழ்ந்த ஒலியைக் குறைச்சுத்தான் பதிவு பண்ணுவாங்க, அதையும் திருப்பிக் கொடுக்கணும். அன்னிக்கே தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"மாமா இருந்தார்."

"ஓ" என்றவர், கரண்ட் போவதற்குள் கேட்டுவிடுங்கள் என்று மூன்று ப்ரீஆம்ப்களை வரிசையாக வைத்தார். ஒன்றின் முகப்பில் பச்சை விளக்கும் ஆடும் முள்ளும் இருந்தன. மாமா பார்த்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பார். ரெக்கார்டு எதுவும் ஓடாதபோது சத்தத்தை முழுக்கத் திருப்பச் சொன்னேன். அதிலிருந்து வண்டு முரல்வதுபோல ஓர் இரைச்சல் வந்தது. பேட்டரியில் ஓடும் இரண்டாவதில் இரைச்சலே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதை ஞாபகமாக அணைக்கப் போவதில்லை. வாரம் ஒரு பேட்டரி வாங்க வேண்டியிருக்கும். மூன்றாவது பெயின்ட் கூட அடிக்காத தகரப் பெட்டி. டிரான்ஸ்ஃபார்மரை வெளியே தனி டப்பாவில் வைத்திருந்ததால் இரைச்சல் மிகக் குறைவு. விலை விளக்குப் பெட்டியின் விலையில் பாதிக்கும் கீழே. அதைத்தான் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தவில் அதிர்ந்ததில் பலகை மேலிருந்த டம்ளர் நடுங்கியது. அப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். மாமாவும் தலையாட்டினார். பிறகு சொன்னார்: "நல்லாத்தாம்ட்டி வாங்கிருக்க. சீர்ல இதையும் வச்சிருவோம். இன்லேண்ட் லெட்டரை எடு. பெண்ணுக்குச் சம்மதம்னு எழுது."

ப்ரீஆம்ப் பாடிவிட்டால் என் பேச்சு செல்லும் என்று நம்பியிருந்தேன். அது என்னோடு சேர்த்து ரயிலேறும் என்று நினைக்கவில்லை.

அந்த அறையில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்ன எழுதினாலும், மாமா சொன்னபடியே எழுதியதாக வாசித்துக் காட்டிவிடலாம். இத்தனை வருடம் செய்ததும் ஏறக்குறைய அதுதான். 'பெண்ணுக்குச் சம்மதம் இல்லை' என்று எழுதி, எழுதியதை அப்படியே உரக்க வாசித்தேன்.

"நான் சொன்னத எழுதுட்டி!"

"எழுதினது இதுதான் மாமா."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா இன்லேண்டை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு நான் போடுதேன்" என்றார்.

போட்டாரா என்று பத்து நாள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பதினோராவது நாள் ஜாம்ஷெட்பூரிலிருந்து பதில் வந்தது. அதையும் நான்தான் வாசித்தேன்: 'வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.'

மாமா என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கினார். தமிழ் படிக்கத் தெரிந்த பாங்க்காரர் ஒருவர் பவானிபூரில் இருந்தார். சரிதானா என்று அவரிடம் கேட்டுவர அப்போதே பஸ் ஏறினார்.