பிள்ள பேசிட்டாளா?

மேலப்பாளையம் மைதீன் போய்விட்டார். காலைத் தொழுகை முடித்து வந்து நாற்காலியில் சாய்ந்தவர்தான்... எழும்பவில்லை.

மதியம் அடக்கம் முடிந்தது. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். மைதீனுக்காக மட்டும் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் பழைய தொழில். பள்ளிக்கூடத்தில் படித்தது இல்லை, எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் படித்தது. காப்பர் கம்பி வாங்க மைதீன் கடைக்குப் போக ஆரம்பித்தவன், தொழிலை விட்ட பிறகும் காலையில் அங்கேதான் போய் உட்காருவேன்.

என் மகள் ஷீபா இஸ்ரேலில் இருக்கிறாள். ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே ராக்கெட் வந்தால் அபாயச் சங்கு ஊதும். அதே சங்கு என் போனிலும் ஊதும்படி ஒரு ஆப் போட்டுத் தந்திருக்கிறாள். ஊதியதும் அந்த அம்மாவை வீல்சேரோடு தள்ளிக்கொண்டு கான்கிரீட் அறைக்குள் போவாள். வெளியே வந்ததும் "அப்பா, நல்லாருக்கேன்" என்று வாய்ஸ் மெசேஜ் போடுவாள்.

சங்குக்கும் அந்த மெசேஜுக்கும் நடுவில் உள்ள நேரம்... அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

சத்தத்தை அணைக்கச் சொல்லாத ஆள் இல்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் அணைத்தேன். அன்றைக்குத்தான் அவள் தெருவில் ராக்கெட் விழுந்தது. அதற்குப் பிறகு அணைக்கவே இல்லை. ஆராதனைக்கு இடைஞ்சல் என்றார்கள். சரி என்று வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஜெபம் பண்ணுகிறேன். உள்ளே வாரும் என்று இன்றுவரை ஒருத்தர் வந்து கூப்பிட்டது கிடையாது.

மைதீன் மட்டும் அணைக்கச் சொன்னதில்லை.

எங்களுக்குள் சண்டை இல்லாத நாள் இல்லை. "வீட்டுக்குள்ள புகுந்து கொன்னு, ஆளத் தூக்கிட்டுப் போனவன் யாரு வே? ஜனங்களுக்கு நடுவுல போயி ஒளிஞ்சிருக்கவன் யாரு? பாவம் பூராவும் அவன் தலையிலதான்" என்பேன்.

"தொடங்குனது யாருன்னே கேக்கீரே, குண்டு போடுதது யாருன்னு கேக்க மாட்டீரோ? பால்குடிப் பிள்ள எவன ஒளிச்சு வச்சுது? சாப்பாட்ட மறிக்கானே, அதுவும் மத்தவன் பாவமா?" என்பார். "உம்ம பிள்ளைக்கு ஓடுததுக்கு ஒரு ரூம் இருக்கு. சங்கு இருக்கு. அங்கன உள்ளதுகளுக்கு என்ன வே இருக்கு?"

"அப்ப எம்பிள்ள ரூம் இல்லாம கெடக்கணுங்கீரா?"

"நீரு ஒரு கோட்டிக்காரன் வே."

இப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதும். மைதீன் உடனே ஃபேனை நிறுத்துவார். சாமான் கேட்டு வந்தவரைக் கையமர்த்துவார். "இருங்க அண்ணாச்சி, பிள்ள இன்னும் பேசல." உதடு மட்டும் அசையும். என்ன ஓதினார் என்று நான் கேட்டதில்லை.

மெசேஜ் வந்ததும் ஃபேனைப் போடுவார். "ம்... எங்க விட்டோம்?" விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கும்.

ஒரு நாள் ஷீபா, "இங்கேருந்து அங்கன போறதும் கேக்கும்பா. செவரெல்லாம் அதிருது. அந்தப் பக்கம் உள்ளவங்க என்ன செய்வாங்கன்னு இந்த அம்மாவே கேக்காங்க" என்று அனுப்பியிருந்தாள். அந்த மெசேஜை மைதீனும் கேட்டார். இதைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று பதிலோடு இருந்தேன். "பிள்ளைக்குத் தொண்ட அடச்சிருக்கு, தூங்கச் சொல்லும்" என்றார். அவ்வளவுதான்.

என் பதிவுக்குக் கீழே ஒருவர், அங்கே வேலைக்குப் போனவள் அனுபவிக்கட்டும் என்று எழுதினார். அவரும் மேலப்பாளையம்தான். மைதீன் அவர் வாசலுக்கே போய், "அந்தாளு சொல்லுதது பூராவும் தப்பு. அத நான் கேட்டுக்கிடுதேன். பிள்ளைய நீ எப்படிலே பேசலாம்" என்று சத்தம் போட்டிருக்கிறார். கமெண்ட் காணாமல் போனது.

"பூராவும் தப்பு" என்று சொன்னதற்காக மறுநாள் மைதீனோடு சண்டை பிடித்தேன்.

அவர் மகன் ரபீக் என்னோடு பேசிப் பல மாதம் ஆகிறது. "உங்க போஸ்ட்ட பாத்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு மாமா" என்று சொல்லி என்னை அன்ஃப்ரெண்ட் பண்ணியவன். காலையில் அவனேதான் போன் செய்தான். "வாப்பா மௌத்தாயிட்டாங்க."

அடக்கத்துக்கு மையவாடிக்குப் போனோடு போகப் பயம். போன் இல்லாமல் போகவும் பயம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டே போனேன்.

எல்லோரும் குழியில் மண் போட்டார்கள். என் முறைக்குக் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். சங்கு ஊதியது.

அத்தனை பேரும் திரும்பினார்கள். அது எந்த நாட்டுச் சங்கு என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மண்ணைப் போடுவதா, போனை எடுப்பதா... "அத அணைங்கய்யா" என்று ஒரு பெரியவர் சொன்னார். 

ரபீக் வந்து என் பையிலிருந்து போனை எடுத்தான். அணைக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"கொஞ்சம் பொறுங்க பெரியத்தா. அக்கா இன்னும் பேசல" என்றான்.

ஓதி முடித்து ஆட்கள் கலைந்த பிறகும் மெசேஜ் வரவில்லை. இவ்வளவு நேரம் ஒருநாளும் ஆனதில்லை. போன் அவன் கையில், மண் என் கையில்.

பிறகு வந்தது. "அப்பா, நல்லாருக்கேன். ஓடுன ஓட்டத்துல போன அடுப்படியிலேயே விட்டுட்டேன்."

ரபீக் போனை என் பையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

என் கருத்தில் மாற்றம் இல்லை. அவனுக்கும் இருக்காது. யாரும் இங்கே வந்து அதைக் கிளற வேண்டாம்.

சங்கு மறுபடியும் ஊதும். நாளைக்கு ஊதலாம்... இதை எழுதி முடிப்பதற்குள்ளேயும் ஊதலாம். எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை.

கையில் இருந்த மண்ணைக் கடைசியில் போட்டுவிட்டுத்தான் வந்தேன் மைதீன்.

பிள்ள பேசிட்டா. நீரு பைய போம்.