தாளிப்பு நெடியில் தெரிந்த வலி

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் வேலை செய்கிறார். மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் உடம்புக்கு ஏதாவது என்று சொன்னாலும், "மாத்திரை போட்டீங்களா?" என்றுதான் கேட்பேன்.

சில மாதங்களுக்கு முன் அடிவயிற்றில் இழுக்கிறது என்றார். அப்போதும் அதையே கேட்டேன். அவருடைய அண்ணனும், "எல்லாம் மனசுதான்டா. ரெஸ்ட் எடுத்துக்கினு இரு, சரியாப் பூடும்" என்றார். அதன்பிறகு அவர் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. குறைந்துவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்புக்குக் காய்ந்த மிளகாய் தாளித்தேன். நெடி ஏறி எனக்கும் மகளுக்கும் இருமல். கூடத்தில் இருந்த அவர், தனக்கு இருமல் வருவதற்கு முன்பே இடுப்புக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மனசு வலித்தால் கை அங்கே போகுமா?

அடுப்பை அணைத்துவிட்டு, "கைய எடுங்க, பாக்கலாம்" என்றேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

"இத ஏன் சொல்லல?"

"சொன்னா மாத்திரை போட்டீங்களான்னு கேப்ப. போட்டுக்கினுதான இருக்கேன்" என்றார், கோபமே இல்லாமல்.

திருவள்ளூரில் பார்த்த டாக்டர், ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்றார். நல்லவேளை, குடல் சிக்கிக்கொள்வதற்குள் ஆபரேஷன் முடிந்தது. மனநல மாத்திரைகள் சிலவற்றால் மலச்சிக்கல் வரும், முக்கினால் வீக்கம் கூடும், அதனால் மனநல டாக்டரிடமும் என்னிடமும் இரண்டு நோயையும் சொல்லுங்கள் என்றார் அந்த டாக்டர்.

இப்போது நன்றாக இருக்கிறார். மாத்திரையும் தொடர்கிறது. அவர் வலி என்றால் நான் கேட்கிற முதல் வார்த்தை மட்டும் மாறிவிட்டது.

"எங்க வலிக்குது, காட்டுங்க."