தலைவருக்கு வாய்த்த கால்கள்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மாடம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒரு சிற்பி வேலை செய்துவந்தார். காலமான தலைவர் ஒருவருக்கு எங்கள் ஊர் முச்சந்தியில் முழு உருவ வெண்கலச் சிலை வைக்க ஏற்பாடாகி, அதைச் செய்யும் பொறுப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. சிலைக் குழு கொடுத்த புகைப்படங்கள் எதிலும் தலைவரின் பாதம் தெரியவில்லை.

என் கணவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நின்றே வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கிணற்றடியில் கால் கழுவுவதைச் சிற்பி பார்த்துவிட்டார்.

"அண்ணா, கொட்டகைக்கு வந்து கொஞ்ச நேரம் நில்லுங்களேன்."

"லீவு நாள்லயும் நிக்கணுமா?" என்று சலித்துக்கொண்டேதான் போனார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் தானாகவே போனார்.

களிமண்ணில் உருவம் முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். முகம் தலைவருடையது. வேட்டிக்குக் கீழே எங்கள் வீட்டுக் கால்கள். வலது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரல் மேல் ஏறியிருப்பதுகூட அப்படியே இருந்தது.

வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் சிலைக் குழுவின் செயலாளர் ஆட்களோடு பார்க்க வந்தார்.

"இன்னா சார், விரலு கோணையா கீது?"

"தலைவர் காலை நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் சிற்பி.

செயலாளர் கூட வந்தவர்களைப் பார்த்தார். ஒருவரும் பார்த்ததில்லை. விரல் தப்பித்தது.

திறப்பு விழா மேடையில் சிற்பிக்கு நாற்காலி போடவில்லை. எங்களோடு கூட்டத்தில் நின்றார். ஏணியில் ஏறி மாலை போட்ட செயலாளர், சிலையின் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற கணவர் சட்டென்று தன் கால்களைப் பின்னுக்கு இழுத்தார். சிற்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் தினமும் யாராவது மிதித்துவிட்டுப் போகிற கால்கள் அவை.

அடுத்த சிலைக்கும் சிற்பி வந்து கூப்பிட்டார்.

"வேணாம் சார். தொட்டுக் கும்பிடறாங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

சிற்பி வற்புறுத்தவில்லை. வேலை பெருகி, பொத்தேரிப் பக்கம் பெரிய இடம் பார்த்துப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொண்டுதான் போனார்.

தொண்ணூறுகளில் கணவருக்கு அந்த முச்சந்தி வழியாகப் போகும் பஸ்ஸில் வேலை போட்டார்கள். ஒருநாள் நானும் அதில் போனேன். நிறுத்தம் வந்ததும், "இறங்கறவங்க சீக்கிரம் இறங்கு" என்று சத்தம் போட்டார். சிலைப் பக்கம் திரும்பவில்லை. நான் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேன்.