ஒரே சஹனில் கை வைத்த துரை

மசூருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது கல்முனைக் கடைத்தெரு முழுவதற்கும் தெரிந்த சங்கதி. அவன் லொறிக்காரன். நெல்லு மூட்டை ஏற்றும்போது எவனாவது கொக்கியை ஆழக் குத்திச் சாக்கைக் கிழித்துவிட்டால் போதும், இறங்கி வந்து அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுத்தான் திரும்ப ஏறுவான். பிறகு அதே ஆளுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பான். அதெல்லாம் வைக்கோலில் பிடித்த தீ. ஐம்பத்துநாலாம் ஆண்டு அவனுக்கு வந்த கோபம் அந்தச் சாதியில்லை. அது உமிக்குள் வைத்த நெருப்பு. ஒரு வருஷம் புகைந்தது.

எல்லாம் ஒரு காரால் வந்த வினை. கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் சவளக்கடைப் பக்கம் வாய்க்காலுக்குள் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, எடுத்துத் திருத்த மனமில்லாமல் தன் நாட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பேர் மட்டும் குந்தக்கூடிய எம்.ஜி. கார். ஒரு போகம் முழுவதும் கொக்குகள் அதன்மேல் இருந்து எச்சமிட்டன. மசூர்தான் எருமை பூட்டி அதை வெளியே இழுத்தான். இழுத்ததைக் கொண்டுபோய் மனைவி ஜுனைதாவின் வளவில் நிறுத்தினான்.

ஜுனைதாவின் வளவு என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன். ஆகவே சேறு வழியும் அந்த இரும்புக்கும் அவளுடைய உத்தரவு தேவைப்பட்டது. அவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஓடுமெண்டா நிக்கட்டும். ஓடாட்டி எனக்குத் தாங்க, கோழி அடைக்கிறன்" என்றாள்.

ஓடியது. பாண்டிருப்பில் நெல் ஆலை எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் அழகரெத்தினம், மசூருக்குப் பால்ய சிநேகிதன். அவனும் மசூரும் சேர்ந்து அதை உரித்தெடுத்தார்கள். மட்கார்டு, கதவு, பம்பர் எல்லாம் கழன்று மூலைக்குப் போயின. நசிந்துபோன எஞ்சின் மூடிக்குப் பதிலாகத் தார்ப் பீப்பாயை அடித்துத் தட்டையாக்கிப் போட்டார்கள். சிலிண்டர் தலையை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்க் கடைச்சல் பட்டறையில் சீவி எடுத்தார்கள், எஞ்சின் இன்னும் இறுக்கமாக உதைக்க வேண்டுமென்று. புகைக்குழாயைச் சுருக்கிப் பக்கவாட்டில் விட்டார்கள். அதை முடுக்கினால் தூரத்துப் பெரியநீலாவணையில் தூங்குகிற பிள்ளை விழிக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. காரின் அழகைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

விடிந்ததும் கடற்கரை ஈரமணலில் ஓடிப் பார்ப்பான். கரைவலை இழுக்கிறவர்களின் கயிறு குறுக்கே வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு வலை கரையேறும்வரை பேசாமல் இருப்பான். வலைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். அவன் கோபப்படாமல் ஏச்சு வாங்கிய இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. வடக்கே காட்டுக்கு நடுவில், யுத்தக் காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறக்கப் போட்ட தார்த்தரை சும்மா கிடந்தது. மலைநாட்டுத் தோட்டத் துரைமாரும் கொழும்புக் கனவான்களும் வருஷத்தில் ஒரு ஞாயிறு அங்கே கூடித் தங்கள் தங்கள் கார்களைத் தாங்களே ஓட்டிப் பந்தயம் விடுவார்கள். பிழைப்புக்காக இல்லை, சந்தோஷத்துக்காக. அந்தத் தரையில், தான் கட்டிய காரில் தானே இருந்து, அவர்களோடு ஒரு தடவை ஓட வேண்டும். ஆனால் அவர்களுடைய கிளப்பில் இருக்கிறவர் யாராவது அழைத்துப் போனால்தான் உள்ளே விடுவார்கள். மசூருக்கு அப்படி யாரைத் தெரியும்?

அந்த நேரம் பார்த்துத்தான் பிரிச்சர்ட் துரை வந்து சேர்ந்தார். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை, அந்தக் கிளப்காரர். களப்பில் தாரா, உள்ளான் என்று பறவை சுட வந்த இடத்தில் அவருடைய கார் கொதித்து நின்றுவிட்டது. மசூர் ரேடியேற்றரின் ஓட்டையை அடைத்துக் கொடுத்தான். துரையின் கண் தார்ப் பீப்பாய் மூடி போட்ட காரில் விழுந்தது. சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், முடுக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். அவருக்குத் தமிழ் வரும், ஆனால் தோட்டத்தில் ஆட்களை ஏவப் படித்த தமிழ். நீ, வா, போ என்பதற்குமேல் அதில் மரியாதை கிடையாது. வெள்ளைக்காரனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று மசூர் பொறுத்துக்கொண்டான்.

அன்று வீட்டில் ஜுனைதாவின் தங்கை றஹீமாவுக்குக் கலியாணம். வாசலில் வந்து நிற்கிற மனிதனைச் சாப்பிடாமல் அனுப்பினால் ஊர் சிரிக்கும். மாமனார் அபூசாலி துரையைக் கைப்பிடித்து அழைத்துப் போய்ப் பாயில் இருத்தினார். சஹன் வந்தது. பெரிய வட்டத் தட்டு, நெய்ச்சோறு, சுற்றிலும் இறைச்சியும் கறிகளும், ஆறு பேருக்கு ஒரே தட்டு. துரை என்ன செய்யப் போகிறார் என்று கலியாண வீடே பார்த்தது. அவர் சப்பாத்தைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, களிசானோடு சம்மணம் கொட்டி, கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். சபை குளிர்ந்துபோயிற்று.

அபூசாலி சபை கேட்கச் சொன்னார்: "ஒரே சஹன்ல கை வச்சவன் வேற ஆளில்ல. இனி நீங்களும் எங்கட ஆள்தான், துரை."

துரை தலையாட்டினார். மசூரின் முதுகில் தட்டி, பந்தயத்துக்குக் காரைக் கொண்டு வா, நான் அழைத்துப் போகிறேன் என்றார்.

மசூர் பிழை விட்ட இடம் இதுதான். துரை வாயால் சொன்னதை அவன் சரியாகக் கேட்கவில்லை, சஹன் சொன்னதைத்தான் கேட்டான். ஒரே தட்டில் கறியைத் தன் பக்கம் இழுக்காமல் அடுத்தவன் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிடுவது சஹனின் ஒழுங்கு. அப்படிச் சாப்பிட்டவன் பிறகு வெளியே போய்ப் பங்கைப் பறிப்பான் என்று அந்த ஊரில் யாருக்கும் நினைக்கத் தெரியாது. துரைக்கோ அது ருசியான ஒரு பகல் சாப்பாடு, அவ்வளவுதான்.

பந்தய நாள் வந்தது. லொறியில் காரை ஏற்றிக் கட்டிக்கொண்டு மசூரும் அழகரெத்தினமும் போனார்கள். கூடாரங்கள், கொடிகள், தொப்பி போட்ட துரைச்சானிகள். துரை வந்து கையை நீட்டினார். பாதை உனக்குப் புதிது, முதல் சுற்று நான் ஓடிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். மசூர் யோசிக்கவேயில்லை. மடியில் இருந்த கார்த் திறப்பை எடுத்துக் கொடுத்தான்.

அந்த முதல் சுற்று முடியவேயில்லை. துரை பந்தயம் முழுவதையும் ஓடினார். எல்லாருக்கும் முன்னால் வந்தார். கிண்ணத்தைத் தூக்கினார். தார்ப் பீப்பாய் மூடியில் ஏறி இருந்து படம் பிடித்துக்கொண்டார். சாரன் கட்டிய அந்த ஆள் யாரென்று ஒரு துரைச்சானி மசூரைக் காட்டிக் கேட்டாள். மசூருக்கு இங்கிலீசு தெரியாதுதான். ஆனால் 'மை டிரைவர்' என்ற இரண்டு சொல்லும் விளங்காத அளவுக்கு அவன் முட்டாளில்லை. சாப்பாட்டு நேரம் துரைமார் கூடாரத்துக்குள் போனார்கள். மசூருக்கும் அழகரெத்தினத்துக்கும் மரத்தடிக்குப் பாண் துண்டும் வாழைப்பழமும் வந்தன. மசூர் தொடவில்லை. தொட்டால் கை நாறும்போல் இருந்தது அவனுக்கு.

காரை லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வீட்டில் அழகரெத்தினம்தான் நடந்ததைச் சொன்னான். ஜுனைதா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரம் அங்கே பாத்திரங்கள் மட்டும் கதைத்தன.

திரும்பி வந்தபோது, "பந்தயம் போனாப் போகட்டும். என்ட வாசல்ல, என்ட சஹன்ல திண்டவன் உங்களக் கூலிக்காரனெண்டு சொல்லிருக்கான். அவன் இன்னொருக்கா இஞ்ச வரட்டும்" என்றாள்.

அந்த வருஷம் மசூர் யாரையும் ஏசவில்லை. சாக்கு கிழிந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றான். ஊருக்கு அதுதான் பயமாக இருந்தது. நெருப்பு இருந்தால் தெரியும், புகை மட்டும் வந்துகொண்டிருந்தால் யார்தான் கிட்டப் போவார்கள்? விடிகாலையில் கடற்கரையில் மட்டும் அந்த எஞ்சின் முன்னைவிட உரத்துக் கேட்டது.

துரை வந்தார். வராமல் இருப்பாரா? மறுபடி தாராக் காலம், மறுபடி பந்தயக் காலம். பொல்லாத வேலை செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால்தானே வரக் கூச்சப்படுவார். வாசலில் நின்றே, எப்படி நம்ம கார் என்று கேட்டார். 'நம்ம' என்ற சொல் மசூரின் நெஞ்சில் மீன்முள்ளாய்க் குத்தியது.

ஜுனைதா ஆளனுப்பித் தகப்பன் அபூசாலியை அழைத்தாள், அழகரெத்தினத்தை அழைத்தாள், அக்கம்பக்கத்து ஆண்களையும் அழைத்தாள். மாட்டிறைச்சி தின்னாத அழகரெத்தினம் வருவதால் அன்று கோழிதான் ஆக்கினாள். வீட்டு மண்டபத்தில் பாய் விரிந்தது, சஹன் வந்தது, ஆறு பேர் சுற்றி இருந்தார்கள். போன வருஷம் துரை இருந்த ஆறாவது இடத்தில் அழகரெத்தினம். துரைக்கு? பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய மேசை, ஒற்றைக் கதிரை, வெள்ளைப் பீங்கான், கரண்டி, முள்ளுக்கரண்டி. சோற்றை ஜுனைதா குசினியிலேயே போட்டு மூடி அனுப்பியிருந்தாள். அந்த ஊரில் ஒரு மனிதனைச் சபைக்கு நடுவில் வைத்து அதைவிடக் கேவலப்படுத்த முடியாது. உன் கையோடு இனி எங்கள் கை ஒரு தட்டில் சேராது என்று முகத்தில் எழுதி ஒட்டிய மாதிரி. சஹனைச் சுற்றி இருந்தவர்கள் தலை நிமிரவில்லை. அபூசாலிக்கு வேர்த்தது.

துரையின் முகம் மலர்ந்தது. "மேசை, கதிரை! இந்த வருஷம் நீ எனக்கு ரொம்ப மரியாதை செய்யிறே, மசூர்" என்றார்.

அறைந்த கைக்கு ஒருவன் முத்தம் கொடுத்தால் என்ன செய்வது? ஒரு வருஷக் கோபத்தையும் சேர்த்துச் சமைத்துப் பரிமாறியாயிற்று. அந்த மனிதன் ருசி பார்த்துப் புகழ்கிறான். ஜாடை விளங்காதவனுக்கு இனி நேரேதான் சொல்ல வேண்டும், அதுவும் அவனுடைய சபையில் வைத்துத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தான்.

"கார் வரும், துரை" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு கார்கள் கோட்டில் வந்து நின்றன. துரையின் இடத்தில் எம்.ஜி. நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மசூர் இருந்தான். கண்ணில் அழகரெத்தினம் ஆலையில் போடுகிற தூசிக் கண்ணாடி. துரை கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே நடந்து வந்தார்.

"இறங்கு."

"இறங்கமாட்டன்."

துரை சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. மசூரின் தோள்பட்டைச் சட்டையைப் பிடித்தார். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மசூர் அந்தக் கையை எடுத்து விலக்கினான். அவனுடைய குரல் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் போயிற்று.

"நீ என்ட வீட்டுச் சஹன்ல கை வச்சவன். அந்தக் கையாலதான் என்ட இடத்தப் பறிச்ச. நான் உன்ட டிரைவரில்ல. இது என்ட கார், நான்தான் ஓடுவன்."

அவன் வாழ்நாளில் ஒரு துரையை நீ என்று சொன்னது அதுதான் முதல். துரைக்குக் கதை எவ்வளவு விளங்கியதோ தெரியாது, அந்த நீ நன்றாக விளங்கியது. தோட்டத்தில் அவர் தினமும் பாவிக்கிற சொல்லல்லவா? முகம் சிவந்து, யாரையோ கூப்பிடக் கையைத் தூக்கினார். தரையின் அந்தக் கோடியில் கொடி பிடித்து நின்றவருக்கு இது ஒன்றும் தெரியாது. எல்லாக் காரிலும் ஆள் இருக்கிறது என்று கண்டார், கொடியை இறக்கினார்.

மசூர் போய்விட்டான்.

நாலாவதாக வந்தான். கிண்ணமுமில்லை, படமுமில்லை. வந்து நின்றதும் கிளப்காரர் இரண்டு பேர் வந்து, இனிமேல் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது என்றார்கள். மசூர் "ஓம்" என்றான். அழகரெத்தினத்தோடு சேர்ந்து காரை லொறியில் ஏற்றிக் கயிறு போட்டான்.

கல்முனைக்கு வந்து சேர்ந்தபோது ஜுனைதா வாசலிலேயே நின்றாள். பாய் விரித்துச் சஹனும் வைத்தாயிற்று. அபூசாலியும் அழகரெத்தினமும் வந்து குந்தினார்கள். மசூர் மட்டும் கை கழுவப் போகாமல், வளவில் நின்று காரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்தத் துரை இன்னும் ஏதாவது செய்துவிட்டானோ என்று ஜுனைதா பயந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள்.

"ரெண்டாவதா வந்துக்கிட்டிருந்த நான், புள்ள. மூணாவது வளைவில அவன் பாக்கிறானா எண்டு திரும்பிப் பாத்திட்டன். கியர் விழல்ல. ரெண்டு பேர் முந்திட்டானுகள்." தன் நெற்றியில் தானே ஓங்கி ஒரு அடி அடித்தான். "மடையன். இந்த மாதிரி வளைவு கடற்கரையில எத்தின நாள் ஓடிருக்கன். என்ட பிழை, புள்ள. வேற ஆர்ட பிழையுமில்ல. என்ட பிழை."

அதையே சொல்லிச் சொல்லித் தன்னை ஏசிக்கொண்டு போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து சஹனில் இருந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் வாய் திறந்து ஏசியது அன்றைக்குத்தான். ஜுனைதா அவன் பக்கம் கறியைத் தள்ளிவிட்டாள்.