ஷீலா டீச்சர் டிவியில் சொன்ன வார்த்தை

ஆரோக்கிய ஷீலாவைக் காரைக்குடியில் யாருக்கும் தெரியாத காலம் ஒன்று இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். செக்காலையில் எங்கள் எதிர்வீடு. பிள்ளை பிறந்ததும் டீச்சர் வேலையை விட்டுவிட்டாள். கணவர் மரிய ஆனந்துக்கு சாக்கோட்டை யூனியன் ஆபீசில் வேலை. தான் உண்டு, மகள் அனிதா உண்டு என்று கிடந்தவளைக் கேபிள்காரர் பொன்னழகுதான் வந்து கெடுத்தார்.

தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன். கேபிள்காரர்கள் ஆளுக்கொரு லோக்கல் சேனல் நடத்திக்கொண்டு, யார் வீட்டுக் காதுகுத்து வீடியோவையோ திரும்பத் திரும்பப் போட்டு எங்கள் உயிரை வாங்கிய காலம். "பிள்ளை வளக்குறதப் பத்தி வாராவாரம் பேசுங்க டீச்சர், பொம்பளையாளுக விரும்பிப் பாப்பாக" என்றார் பொன்னழகு. அவளும் தலையாட்டினாள்.

முதலில் தடுப்பூசி, சத்துமாவு என்று புத்தகத்தில் இருப்பதைப் பேசினாள். ஒரு ஈ காக்கை சீண்டவில்லை. ஒரு வாரம் பேச்சு மறந்துபோய், சமாளிப்பதற்காக அனிதா இருட்டுக்குப் பயந்து பாயை நனைப்பதையும் தான் அவளை அடிக்காமல் திருத்துவதையும் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், கேபிள் ஆபீசில் போஸ்ட் கார்டு குவிந்தது. அதன்பிறகு அனிதா பொய் சொன்னது, அனிதா பால் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது என்று அந்தக் குழந்தைதான் நிகழ்ச்சியே. அரியக்குடியிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்து அவளிடம் யோசனை கேட்டார்கள். சந்தையில் முன்பின் தெரியாத ஒருத்தி, "பாப்பா இப்பப் பாயில ஒண்ணுக்கு இருக்குறதில்லையே?" என்று விசாரிப்பாள். ஷீலாவுக்குப் பெருமை பிடிபடாது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"வீட்டுக் கதைய எதுக்குடி வீதியில வைக்கிற?" என்று கேட்டேன்.

"சொந்தக் கதைன்னாத்தான்க்கா அவுக மனசுல ஒட்டுது" என்றாள்.

அந்த ஐப்பசியில் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருப்பதாக ஒரு பேச்சு கிளம்பியது. பார்த்தவர் ஒருவரும் இல்லை, பயப்படாதவரும் இல்லை. ஷீலா அதையே அந்த வாரம் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சொல்லாத யாரோடும் போகக் கூடாது என்று பிள்ளையைப் பழக்குங்கள் என்றாள். நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க வீட்டு வார்த்தை 'பச்சை யானை'. அனிதாவே வச்ச பேரு" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "பூட்டைப் பூட்டிட்டு சாவியைச் சந்தையில போட்டுட்டு வந்துருச்சே இந்தப் புள்ள!" என்றார். மறுநாள் நான் போய்ச் சொன்னபோதுதான் அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. வார்த்தையை மாற்றப் பார்த்தாள். பச்சை யானைதான் வேண்டும் என்று அனிதா ஒரே அழுகை. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்த ஒளிப்பதிவு அன்று மழை கொட்டியது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் நேரம் ஓடிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் கழித்துத்தான் ஷீலா பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றாள். அங்கே ஒரு பிள்ளையும் இல்லை. நனைந்த சேலையோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து, "அக்கா, அனிதா இங்க வந்தாளா?" என்றாள். அவள் வரவே இல்லை. இருவரும் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

அப்போதுதான் டீக்கடையிலிருந்து வந்தார் வாட்ச்மேன் சின்னக்கருப்பன். "ஒரு அம்மா வந்து கூட்டிட்டுப் போனாகளே டீச்சர். நான் மறிச்சேன். அவுக 'பச்சை யானை'ன்னாக, பாப்பா சிரிச்சுக்கிட்டே கையப் புடிச்சுக்கிருச்சு. நீங்க டிவியில சொன்ன ஏற்பாடுதானே, நீங்க அனுப்புன ஆளுதான்னு விட்டுட்டேன்."

ஷீலா அப்படியே சகதியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனந்த் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மதுரை பஸ், சிவகங்கை பஸ் என்று ஏறி ஏறி இறங்கினோம். போகிற வழியெல்லாம் "வணக்கம் டீச்சர்" என்றார்கள். நேற்றுவரை அந்த வணக்கத்துக்கு உருகியவள் இன்று ஒவ்வொரு முகமாக வெறித்துப் பார்த்தாள். யார் மேல் சந்தேகம் என்று வந்த போலீஸ்காரர் கேட்டார். ஊரில் பாதிப் பேருக்கு அந்த வார்த்தை தெரியுமே, யாரைச் சொல்வாள்? "மாதாவே, மாதாவே" என்று அரற்றினாள். பல் கிட்டித்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்து வாசலில் உட்காரவைத்தேன்.

மழை விட்டு இருட்டுகிற நேரத்துக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அனிதா இறங்கினாள். தலையில் துண்டு கட்டியிருந்தது. பின்னாலேயே தூக்குவாளியோடு ஒரு அம்மாள். பெயர் மலையம்மாளாம், பள்ளிக்கூடத்துக்கு அங்குட்டுத் தெருவாம். அதற்கு முன் நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை.

ஷீலா மகளை வாரி எடுத்து இறுக்கிக்கொண்டாள். நான் அந்த அம்மாள் மேல் பாய்ந்தேன். "யாரக் கேட்டுக் கூட்டிட்டுப் போனீக?"

அவர் திகைத்துப்போனார். "பிள்ளை தனியா மழையில நின்னுச்சும்மா. வாராவாரம் பாக்குற பிள்ளை, நம்ம பிள்ளைதானேன்னு கூட்டிட்டுப் போயித் தலையத் துவட்டி, ஆட்டுக்கால் சூப்பு குடுத்தேன். அதுதான் பிடிக்கும்னு டீச்சரே சொன்னாகளே. வீட்டுக்கு வழியும் யாரையும் கேக்கல, கோயிலுக்குப் பின்னால பச்சைக் கேட்டுன்னு ஒருதரம் சொன்னாக." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நான் என்ன யாரோவா டீச்சர்?"

ஷீலாவால் அவரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. நல்ல மனுஷி என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இவருக்கு இவ்வளவு தெரிந்தால் கெட்டவனுக்கும் தெரியும்.

அவர் போனபிறகு உள்ளே மகளை மடியில் வைத்து, "பயந்துட்டியாடா?" என்று கேட்டாள் ஷீலா.

"அங்க பயமில்லம்மா" என்றது குழந்தை. அதன் பிறகுதான் உதடு பிதுங்கியது. "அம்மா, நான் மழையில நின்னு அழுதேன். அத டிவியில சொல்லிராதம்மா. கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க."