குழாய் மேல் நட்ட கல்

போர்ட் பிளேயரில் எங்கள் மேட்டுக்குத் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வரும். அன்றைக்கு யாரும் வேலைக்குப் போவதில்லை. லீவு கேட்டால் ஆபீசரும் மறுக்கமாட்டார், அவர் வீட்டிலும் அதே கதைதான்.

மாஸ்டர் பிளான் என்று சொல்லி அந்த மேட்டில் புது ரோடு போட வந்தார்கள். சிவப்புப் பெயின்ட் அடித்த எல்லைக் கற்களை வரிசையாக நட்டார்கள். வரிசை எங்கள் சமையல்கட்டுகள் வழியாகப் போனது. எதிரே அவ்வளவு காலி இடம் கிடக்க, என் வீட்டை ஏன் இடிக்க வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவரும் பக்கத்து வீட்டுப் பெங்காலிக்காரரும் இன்னும் சிலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் கற்களைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டார்கள். நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். அணையிலிருந்து வரும் பெரிய குழாய் அந்தக் காலி இடத்துக்கு அடியில் ஓடுகிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எங்களுக்குத் தெரிந்த குழாய் வாசலில் இருப்பதுதான்.

நடு அந்தமானில் ரங்கத் ஊரில் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பியை, கான்ட்ராக்டர் இந்த வேலைக்கு மாற்றிவிட்டார். அவன் வந்த முதல் நாளே தண்ணீர் நாள். குடமும் டிரம்முமாக எல்லோரும் வாசலில் நின்றோம். அவன் கல் வரிசையைப் பார்த்து மண்ணில் பொக்லைன் பல்லை இறக்கினான். தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பிச் சேறாகக் கடல் பக்கம் ஓடியது. எங்கள் வாசல் குழாய்கள் இருமிவிட்டு நின்றுபோயின.

கூட்டம் குடத்தோடு அவனை நோக்கி ஓடியது. முடியைப் பிடித்து அவனைக் கீழே இழுத்துப் போட்டார்கள். "மாரோ சாலே கோ", அடிங்கடா அவனை என்று இந்தியில் கத்தியது யார் தெரியுமா? என் டீயைக் குடித்த அதே பெங்காலிக்காரர். இரும்புத் துண்டால் அவன் முழங்கையில் போட்டார். எலும்பு முறிந்தது தண்ணீர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. ஒருத்தி குடத்தாலேயே அவன் முகத்தில் இடித்தாள். குப்புறக் கிடந்தவன் முதுகில் ஏறி மிதித்தார்கள். நான் அவன்மேல் விழுந்தேன். எனக்கும் நாலு விழுந்தது.

"அக்கா, கல்லப் பாத்துத்தான்க்கா வெட்டுனேன்" என்றான். பேசும்போது வாயிலிருந்து ரத்தம் வந்தது.

என் கணவர் காலிக் குடத்தோடு தள்ளி நின்றார். ரோடு எஞ்சினியர் அங்கேதான் இருந்தார். கல்லை மாற்றிய உண்மை அவர் காதில் விழுந்தால் வீடு போய்விடும். என் கணவர் இன்னும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அதற்குள் ஒருவன் கடப்பாரையோடு வந்தான். தம்பியின் தலைக்குத்தான் என்று அவன் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

எழுந்து நின்று கத்தினேன். "பத்தர் ஹம் லோக் ஹடாயா! கல்லப் புடுங்கி நட்டது நாமதான். அடிக்கணும்னா என் வீட்டுக்காரர அடிங்க, அந்தா நிக்கிறாரு."

அடித்தார்கள். அவரோடு சேர்ந்து கல் நட்டவர்கள்தான் முதலில் கை வைத்தார்கள். அவர் பல் இரண்டு சேற்றில் போயிற்று. தம்பியை நான் இழுத்துக்கொண்டு போனேன், திரும்பிப் பார்க்கவில்லை.

கற்கள் பழைய இடத்துக்கே வந்தன, வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது வாடகை வீடு. தம்பிக்கு வலது கை மடங்காது. நான்தான் சோறு ஊட்டுகிறேன். அந்த நேரத்தில் என் கணவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் கூப்பிடுவதில்லை.