அவித்த மாவுக்கு அவிக்காத மா

மீளக்குடியேறிய முதல் மாரி முடிந்திருந்த நேரம். முருங்கனிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வவுனியா முகாமிலிருந்து கொண்டுவந்து, தகரமும் தறப்பாளும் தந்து இறக்கிவிட்டிருந்தார்கள். கணவர் கடைசிச் சண்டையில் ஷெல் பட்டு இறந்துவிட்டார். எனக்கு மிஞ்சியது ஒரே மகள், அப்போது நாலாம் வகுப்பு. பக்கத்துக் கொட்டிலில் கணவரின் அக்கா இருந்தார். மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன்.

வவுனியாவில் இருக்கிற என் அண்ணா, மகளை ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சேர்க்க ஒழுங்கு செய்துவிட்டார். "மூண்டு நேரமும் சாப்பாடு, நல்ல படிப்பு. நீ தனிய என்ன செய்யப் போறாய்?" என்றார். அவர் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் முகாமில், முள்ளுக்கம்பிக்குள்ளேயே நான் அவளைக் கைவிடவில்லை. சொந்த மண்ணுக்கு வந்த பிறகா விடுவேன்? "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. அதுக்கிடையில எனக்கு ஒரு தொழில் சரிவரேல்லை எண்டா கூட்டிக்கொண்டு போங்கோ" என்று வாயை விட்டுவிட்டேன்.

எனக்குக் கைவந்தது வாய்ப்பன். கனிந்த வாழைப்பழத்தைச் சீனியோடு பிசைந்து, கோதுமை மாவில் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பொரிப்பது. முருங்கன் சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த, நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவரும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்தான். "வியாழக்கிழமை பின்னேரம் கொண்டு வாங்கோ தங்கச்சி. சனம் விரும்பித் திண்டா நாளாந்தம் எடுக்கிறன். வேற ஒராளும் கேட்டிருக்கு, பிந்த வேணாம்" என்றார்.

வியாழன் காலை பழத்தைப் பிசைந்து வைத்துவிட்டு, அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, மாப்பேணியைத் திறந்தேன். கையை விட்டதும் திக்கென்றது. மா பொலபொலவென்று, அவித்த வாசத்தோடு இருந்தது.

மச்சாள் பெருமையாகச் சொன்னார். "நீ முருங்கன் போன நேரம் முழுக்க அவிச்சு அரிச்சு வச்சிட்டன். பச்சை மாவா வச்சா வண்டு பிடிச்சிடுமெல்லே?"

எங்கள் பக்கத்தில் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை ஆவியில் அவித்து அரித்துத்தான் எடுப்போம். வீட்டுக்கு மா வந்தால் கை தானாகவே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அவித்த மாவுக்கு ஒட்டுகிற குணம் போய்விடும். இருந்தாலும் மனம் கேட்காமல் ஓர் உருண்டை பிடித்து எண்ணெயில் விட்டுப் பார்த்தேன். போட்ட கையோடு தூள் தூளாகக் கலைந்து சட்டி முழுக்க மிதந்தது.

"ஐயோ, நானே கெடுத்துப்போட்டனே!" மச்சாள் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் சண்டை பிடிக்க எங்கே நேரம்? ஊரில் கடை இல்லை. மத்தியான பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வீடு வீடாக ஓடினேன். முருங்கன் கூட்டுறவுச் சங்கக்கடையில் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் நிவாரண மா கொடுத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்திருந்தார்கள். ஒரு வீட்டில் அப்போதுதான் அவித்து இறக்கி, ஆவி பறக்க அரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மா அவிக்காத ஆட்கள் அந்த ஊரில் ஓரிடத்தில்தான் இருந்தார்கள். ஊர்ச் சந்தியில் இருந்த ஆமிக்காரரின் சென்றி, அவர்களுடைய காவலரண். காலையில் அந்த வழியால் போனால் ரொட்டி சுடுகிற மணம் வரும்.

"உனக்கென்ன விசரே? பொம்பிளையள் போற இடமே அது?" என்று மச்சாள் பதறினார். "ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போயிடும் மச்சாள்" என்றேன். அவர் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

வெறுங்கையோடு போக எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் பிச்சை எடுக்க நான் தயாரில்லை. ஒரு சட்டி நிறைய அவித்த மாவைக் கொண்டு போனேன். சமையல் செய்துகொண்டிருந்த ஆமிப் பெடியன் எழும்பி வந்தான். முகாமில் பொறுக்கிய சிங்களத்தில், மாவுக்கு "பிட்டி" என்று சொல்லி, கையால் மாற்றுகிற மாதிரிக் காட்டினேன். அவன் என் சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மாவைக் கொண்டுவந்து மா கேட்கிற பைத்தியம் யார் என்று நினைத்திருப்பான். நான் சட்டியை இறக்கவில்லை.

அவன் ஒரு நுள்ளு எடுத்து வாயில் போட்டான். சட்டென்று முகம் மாறியது. "இந்தி ஆப்ப!" என்றான். இடியப்ப மா என்று கண்டுபிடித்துவிட்டான். அம்மா செய்வா என்பதுபோல் என்னவோ சொல்லிச் சிரித்தான். பிறகு என் சட்டியைக் கவிழ்த்தெடுத்து, பச்சை மாவைக் குவியக் குவிய நிரப்பித் தந்தான். நான் சிரிக்கவில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதேன். அது கோபமா ஆறுதலா என்று எனக்கே விளங்கவில்லை.

மச்சாள் உருட்ட உருட்ட நான் பொரித்தேன். கடைசி ஈடு சூட்டோடு சூடாகத்தான் பஸ் ஏறியது. நானா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினார். தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் ஒன்று எடுத்து, பிறகு இன்னொன்றும் எடுத்தார்கள். "நாளைக்கும் கொண்டு வாங்கோ தங்கச்சி" என்றார் நானா.

ஞாயிற்றுக்கிழமை அண்ணா வந்தபோது மகள் மா அரித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை எங்கயும் வராது அண்ணா" என்றேன். அவர் வாய்ப்பனைச் சாப்பிட்டுவிட்டு, அவள் தலையைத் தடவிவிட்டு, தனியே பஸ் ஏறினார்.

மகள் இன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியை. என் புருஷனைத் தின்ற அந்தச் சண்டையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் என் பிள்ளையை என் மடியிலேயே வைத்திருக்க உதவிய மா எந்தக் கையிலிருந்து வந்தது என்று யார் கேட்டாலும், மறைக்காமல்தான் சொல்கிறேன்.